மூன்றாம் பாலையும் மேடைக்கு விடுங்கள்: திருகோணமலைக் குறள் விழா அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைப்பாளர்களே, வணக்கம்.

இந்த முறை குறள் விழாவுக்கு நீங்கள் அனுப்பிய அறிவித்தலை வாசித்தேன். மனனப் போட்டிக்கு அறத்துப்பாலும் பொருட்பாலும் மட்டும்தான், மூன்றாம் பாலான இன்பத்துப்பால் இல்லை, உயர்தர மாணவர்களுக்கும் அப்படித்தான். பேச்சுப் போட்டியில் மேல்பிரிவுக்கு ஒரே தலைப்பு: 'இன்ப நாட்டமே இளைய தலைமுறையின் வீழ்ச்சி'. முடிவைத் தலைப்பிலேயே எழுதிவிட்டீர்கள், பிள்ளை வேறு விதமாக யோசித்தால் அதில் பேச இடமே இல்லை. எனக்குத் தெரிந்த உயர்தர மாணவி ஒருத்தி, எபிகூரஸ் என்ற கிரேக்கர் இன்பத்தைப் பற்றிச் சொன்னதையும் குறளையும் சேர்த்து வைத்துப் பேசலாமா என்று உங்களிடம் கேட்டிருக்கிறாள். குடித்துக் கூத்தடிக்கிறவர்களின் தத்துவம் நம் மேடைக்கு வேண்டாம் என்று பதில் கிடைத்ததாம்.

உங்களை நான் மதிக்கிறேன். போர்க் காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் இந்த ஊரில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள், அவர்களிடம் படித்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் முதுகுக்குப் பின்னால் கதைக்காமல் நேரே எழுதுகிறேன். இன்பத்தைப் பற்றி யோசிக்கச் சொல்லிக்கொடுக்காமல் அதை வெறுக்க மட்டும் சொல்லிக்கொடுத்தால் நாம் பிள்ளைகளைக் கையில் ஒன்றுமில்லாமல் வெளியே அனுப்புகிறோம். இன்பம் அவர்களைத் தேடி எப்படியும் வரும். எதை எடுப்பது எதை விடுவது என்று நிறுத்துப் பார்க்கிற அறிவு, நீங்கள் வெட்டி எறிகிற அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

முதலில் எபிகூரஸ். கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்தவர். ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கி அங்கேயே நண்பர்களோடு வாழ்ந்து படிப்பித்தார், அவருடைய பள்ளிக்கே 'தோட்டம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. பெண்களும் அடிமைகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள், அந்தக் காலத்து ஏதென்ஸில் அது சின்ன விஷயமில்லை. நல்வாழ்வின் தொடக்கமும் முடிவும் இன்பம்தான் என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் அப்படி எழுதியவர் சாப்பிட்டது பாணும் தண்ணீரும். நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, ஒரு சின்னப் பானையில் சீஸ் அனுப்பிவை, விருந்துண்ண ஆசை வரும் நாளில் உதவும் என்று கேட்கிறார். மூதூரிலிருந்து ஒரு முட்டி எருமைத் தயிர் வந்தால் வீடே சந்தோஷப்படுகிற நமக்கு இந்த மனிதரைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இருக்க முடியாது.

மெனோய்க்கியுஸ் என்பவருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றைக்கும் நம் கையில் இருக்கிறது. இளமையில் தத்துவம் படிக்கத் தாமதிக்காதே, முதுமையில் அதில் சலிப்படையாதே என்று அந்தக் கடிதம் தொடங்குகிறது. இன்பம் என்று நான் சொல்வது ஓயாத குடியையும் காமக் களியாட்டத்தையும், மீனும் பலகாரமும் நிறைந்த பணக்கார மேசையையும் இல்லை, உடம்பில் வலியும் மனதில் கலக்கமும் இல்லாத நிலையைத்தான் என்று அதே கடிதத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். ஆசைகளை அவர் வகை பிரிக்கிற விதத்தைப் பாருங்கள். பசியும் தாகமும் இயல்பானவை, தேவையானவை, எளிதில் தீருபவை. நல்ல சாப்பாட்டு ருசி இயல்பானது, ஆனால் இல்லாவிட்டாலும் ஆள் செத்துப்போவதில்லை. புகழுக்கும் பதவிக்கும் எல்லையில்லாத பணத்துக்கும் உள்ள ஆசை இயல்பானதுமில்லை, தேவையானதுமில்லை, எவ்வளவு கிடைத்தாலும் அது அடங்காது. பின்னால் பெரிய துன்பத்தைக் கொண்டுவருகிற இன்பத்தை விட்டுவிட வேண்டும், பின்னால் பெரிய இன்பத்தைத் தருகிற வலியை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். அறிவோடும் நேர்மையோடும் நீதியோடும் வாழாமல் இன்பமாக வாழவே முடியாது என்கிறார். 'அறத்தான் வருவதே இன்பம்' என்று உங்கள் மேடையில் ஆண்டுதோறும் சின்னப் பிள்ளைகள் சொல்கிறார்களே, அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

பிறகு எப்படிக் குடிகாரத் தத்துவம் என்ற பெயர் வந்தது? அவரோடு முரண்பட்டுப் பிரிந்துபோன டிமோக்ரட்டீஸ் என்ற பழைய மாணவர், எபிகூரஸ் நாளுக்கு இரண்டு தடவை வாந்தியெடுக்கிற அளவுக்குத் தின்கிறார் என்று கதை கட்டினார். எதிர்ப் பள்ளிக்காரர்களும் தங்கள் பங்குக்குச் சேர்த்தார்கள். அவருடைய வரலாற்றை எழுதிய டயோஜெனிஸ் லெயர்ஷியஸ் இந்த வதந்திகளையெல்லாம் ஒன்றுவிடாமல் பதிந்துவிட்டு, இப்படிச் சொல்கிறவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதினார். யார் கேட்டார்கள்? நடுக்காலத்தில் தாந்தே தன் காவியத்தில் எபிகூரஸை நரகத்தின் ஆறாம் வட்டத்தில், எரிகிற கல்லறைக்குள் படுக்கவைத்தார். அந்த வதந்தி இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் நடந்து வந்து, நம் ஊர் மாணவி ஒருத்தியின் பேச்சை மறித்து நிற்கிறது. எனக்கு இது தாங்கவில்லை.

கி.மு. 270இல் அவர் இறந்த நாளில் எழுதியதாகச் சொல்லப்படுகிற ஒரு சின்னக் கடிதம் இருக்கிறது. சிறுநீர் அடைப்பாலும் வயிற்று நோயாலும் இதைவிடப் பெரிய வேதனை இருக்க முடியாது, ஆனாலும் நாம் பேசிக்கொண்டிருந்த பேச்சுகளை நினைக்கும்போது வருகிற மகிழ்ச்சியை அதற்கு எதிரே நிறுத்திவைத்திருக்கிறேன் என்று எழுதுகிறார், இறந்துபோன நண்பனின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முடிக்கிறார். இன்பத்தை வாழ்க்கையின் குறி என்று வைத்த மனிதர் செத்த விதம் இது. நோயாளிக்குப் பக்கத்தில் இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்கு இந்த வரிகள் விளங்கும்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நீங்கள் சொல்லலாம். சரி, நம் வீட்டுக்குள் வருவோம். 'எல்லா உயிர்க்கும் இன்பம் என்பது தான் அமர்ந்து வரூஉம் மேவற்று ஆகும்' என்கிறது தொல்காப்பியம், பொருளியல் என்ற இயலில். எல்லா உயிரும் மனம் பொருந்தி விரும்புவது இன்பம், அவ்வளவுதான், அதற்கு மன்னிப்புக் கேட்கிற தொனி அந்தச் சூத்திரத்தில் எங்கும் இல்லை. புறநானூற்றில் நக்கீரனார், உலகத்தையே ஆளுகிற அரசனுக்கும் இரவும் பகலும் தூங்காமல் வேட்டையாடுகிற கல்லாத மனிதனுக்கும் 'உண்பது நாழி உடுப்பவை இரண்டே' என்கிறார். செல்வத்தின் பயன் கொடுப்பது, நாமே அனுபவிப்போம் என்று வைத்துக்கொண்டால் தவறிப்போவது பல என்று முடிக்கிறார். அந்தத் தோட்டத்து மனிதரும் நக்கீரனாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தால் கனநேரம் கதைத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது உங்கள் போட்டியிலிருந்து நீக்கிய மூன்றாம் பாலுக்கு வருகிறேன். 133 அதிகாரத்தில் 25, 1330 குறளில் 250. இதை முதலில் விட்டவர்கள் நீங்கள் இல்லை. வீரமாமுனிவர் 1730இல் குறளை இலத்தீனில் மொழிபெயர்த்தபோது அறமும் பொருளும் போதும் என்று நிறுத்திக்கொண்டார். அவர் துறவி, அவருக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆனால் 1886இல் ஜி.யு.போப், அவரும் ஒரு பாதிரியார்தான், மூன்று பாலையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டார். நாம் இன்னும் 1730இலேயே நிற்கிறோம்.

அந்த 25 அதிகாரத்தையும் ஒரு தடவை உட்கார்ந்து தொடர்ச்சியாக வாசித்துப் பாருங்கள். கூடியிருக்கிற மகிழ்ச்சியைச் சொல்கிற அதிகாரங்கள் சிலதான். 116ஆம் அதிகாரமான பிரிவாற்றாமையில் தொடங்கி மிகப் பெரும்பகுதி பிரிவும் காத்திருப்பும் கனவும் மாலைப் பொழுதின் வேதனையும்தான். 'வாளற்றுப் புற்கென்ற கண்ணும் அவர்சென்ற நாளொற்றித் தேய்ந்த விரல்'. வழி பார்த்துப் பார்த்துக் கண் ஒளி மங்கிவிட்டது, அவன் போன நாட்களைச் சுவரில் தொட்டு எண்ணி எண்ணி விரல் தேய்ந்துவிட்டது என்கிறாள். கிண்ணியாவிலும் மூதூரிலும் எத்தனை வீடுகளில் கணவன் கட்டாரில், சவூதியில்? பிள்ளை திரும்பி வருவான் என்று இன்னமும் வாசல் பார்க்கிற தாய்மார் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள், அந்தப் பாட்டு காதலிக்கு எழுதப்பட்டதுதான், ஆனாலும் அவர்களுக்கும் அந்த விரல் தெரியும். இந்தக் குறளைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஆகாது என்று எப்படி ஒதுக்க மனம் வருகிறது? அந்தப் பிள்ளைகளில் சிலர் வளர்ந்ததே இப்படிக் காத்திருக்கிற வீட்டில்தானே.

இன்னொரு குறள், 1326. 'உணலினும் உண்டது அறல்இனிது காமம் புணர்தலின் ஊடல் இனிது'. சாப்பிடுவதைவிடச் சாப்பிட்டது செரிப்பது இனிது என்கிறார் வள்ளுவர். எபிகூரஸின் மையமான பிரிவும் இதுதான்: ஒரு குறையைத் தீர்க்கும்போது எழுந்து அடங்குகிற இன்பம் ஒன்று, தீர்ந்த பிறகு ஒன்றும் வேண்டாமல் அமைதியாக நிலைத்திருக்கிற இன்பம் இன்னொன்று, இரண்டாவதுதான் உயர்ந்தது. கடல் கடந்து, ஒருவரையொருவர் அறியாமல், இரண்டு பேரும் சாப்பாட்டையும் பசியையும் வைத்தே இவ்வளவு கிட்ட வந்து நிற்கிறார்கள். அந்த மாணவி பேச விரும்பியது இதைத்தான். அவள் அதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள், ஒரு கொப்பியில் இரண்டு பக்கமாகக் கோடு போட்டு இடப்பக்கம் குறளும் வலப்பக்கம் எபிகூரஸும் எழுதி வைத்திருந்தாள், 1107ஆம் குறளுக்கு எதிரே மட்டும் இடம் வெறுமையாக இருந்தது. தன் வீட்டிலிருந்து தன் உழைப்பில் வந்ததைப் பகிர்ந்து உண்பது போன்றது இவளைத் தழுவுவது என்கிற குறள் அது. தழுவுகிற இன்பத்துக்கு உவமை தேடிய வள்ளுவர் பகிர்ந்துண்பதில் போய் நிற்கிறார், இதற்கு ஜோடியாக வைக்கக் கிரேக்கத்தில் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றாள். இப்படிப் படிக்கிற பிள்ளைக்குக் கதவை மூடலாமா?

உங்கள் பயம் எனக்குத் தெரியும். ஐஸ் போதை நம் பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது, இரவிரவாகத் தொலைபேசித் திரையில் கண் விழுந்து கிடக்கிறது, டச்சு வளைகுடாப் பக்கம் பொழுதுபட்ட பிறகு நடக்கிற சில விஷயங்களைப் பற்றிப் பெற்றோர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு மருந்து கண்டனப் பேச்சு என்று நினைப்பதில்தான் நான் உங்களோடு உடன்படவில்லை. சைரீன் நகரத்து அரிஸ்டிப்பஸின் கதையைச் சொல்லிக்கொடுங்கள். சோக்ரட்டீஸிடம் படித்தவர், அந்தந்த நேரத்து உடல் இன்பமே நல்லது என்ற பள்ளி அவரிலிருந்து கிளைத்தது. அதே பள்ளியில் சில தலைமுறை கழித்து ஹெகிசியாஸ் என்பவர் வந்தார். உடம்பு எப்போதும் நோகிறது, மனமும் அதோடு சேர்ந்து நோகிறது, ஆகவே மகிழ்ச்சி என்பது மனிதனுக்குக் கைகூடவே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார், சாவைப் பரிந்துரைப்பவர் என்றே அவருக்குப் பட்டப்பெயர் வந்தது. இப்போதே வேண்டும், உடனே வேண்டும் என்று தொடங்கிய பாதை எங்கே போய் முட்டியது என்று ஒரு பிள்ளை தானே கண்டால், அது நாம் மேடையில் சொல்கிற 'கெட்டுப்போகாதே'யைவிட ஆழமாக மனதில் விழும்.

ரொபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1974இல் எழுதிய ஒரு கேள்வியையும் அவர்களிடம் கேளுங்கள். ஒரு இயந்திரம் இருக்கிறது, அதில் இணைந்துகொண்டால் நீ விரும்புகிற அனுபவமெல்லாம் உண்மை போலவே கிடைக்கும், உள்ளே இருக்கும்போது அது பொய் என்றே தெரியாது, வாழ்நாள் முழுக்க இணைந்துகொள்வாயா? நான் ரியூசன் முடிந்து வந்த பிள்ளைகள் சிலரிடம் இதைக் கேட்டேன். கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டே மாட்டேன் என்றார்கள், ஏன் மாட்டாய் என்று கேட்டதற்குப் பிறகு சண்டை பிடிக்காத குறையாக விவாதித்தார்கள். ஒரு பெடியன், உண்மையிலேயே கடலில் நீந்தினால்தான் நீந்தியது என்றான். இன்னொருத்தி, அம்மா உண்மையான அம்மாவாக இருக்க வேண்டும் என்றாள். யாரும் அவர்களுக்கு அறிவுரை சொல்லவில்லை.

ரியூசன் என்றதும் ஜோன் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலத் தத்துவவாதியின் ஞாபகம் வருகிறது, அவரை நான் விடமாட்டேன், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு மிகவும் தேவையான ஆள் அவர்தான். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன் என்று அப்பா வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தார். மனிதருக்கு இரண்டே எசமானர்கள், இன்பமும் துன்பமும் என்று 1789இல் எழுதிய பெந்தாம் அந்த அப்பாவின் நண்பர். எல்லாருக்கும் அதிக இன்பம் வர உழைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையை வளர்த்தார்கள். 1826இல், இருபது வயதில், மில் தன்னைத் தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: நீ விரும்புகிற மாற்றமெல்லாம் இந்த நிமிடமே நடந்துவிட்டால் உனக்குச் சந்தோஷமாக இருக்குமா? இல்லை என்று மனம் சொல்லிவிட்டது. அதோடு உடைந்துபோனார், மாதக்கணக்காக ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. பிறகு ஒரு புத்தகத்தில் தகப்பன் இறந்த ஒரு சிறுவனைப் பற்றி வாசித்து அழுதபோதுதான் தன்னிடம் இன்னும் உணர்ச்சி மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார், இயற்கையைப் பாடிய வேர்ட்ஸ்வர்த்தின் கவிதைகள் அவரை மேலும் தூக்கி நிறுத்தின. இன்பத்தை நேரே குறிவைத்து ஓடினால் அது அகப்படாது, வேறொன்றில் மனம் தோய்ந்திருக்கும்போது வழியில் வந்து சேரும் என்று தன்வரலாற்றில் எழுதினார். காலை ஐந்து மணிக்கு ஒரு வகுப்பு, பாடசாலை, பின்னேரம் இரண்டு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு என்று ஓடுகிற பிள்ளையிடம் 'இன்ப நாட்டத்தால் நீ வீழ்கிறாய்' என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இன்பம் பற்றாக்குறை. கடற்கரையில் சும்மா உட்கார்ந்து இறால் வடை சாப்பிட அவர்களுக்கு நேரமில்லை.

சமயத்துக்கு ஒத்துவராது என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. நம் கோணமலையைப் பாடிய சம்பந்தர், 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை' என்று கண்ணுக்கு முன்னால் இருக்கிற கடலை ஆசை தீரப் பார்த்துக்கொண்டே இறைவனைப் பாடுகிறார். 'மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம் வைகலும்' என்று பாடியவரும் அவர்தான்.

மணிமேகலையைப் பாருங்கள். பௌத்தக் காப்பியம், துறவைப் போற்றுகிற காப்பியம். அதில் வஞ்சி நகரத்தில் பூதவாதி, அதாவது எல்லாமே பூதங்களின் சேர்க்கைதான் என்கிறவன், வந்து தன் கொள்கையைச் சொல்கிறான். ஆத்திப் பூவும் வெல்லமும் சேர்ந்தால் மதுவில் களிப்புப் பிறப்பதுபோல் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், 'இம்மையும் இம்மைப் பயனும் இப்பிறப்பே', மறுமை பொய் என்று முழுதாகச் சொல்லி முடிக்கிறான். மணிமேகலை கேட்டு நகைக்கிறாள், பதிலுக்கு ஒரு கேள்வியும் கேட்கிறாள், ஆனால் சாத்தனார் அவன் வாயை மூடவில்லை. வடக்கே இதே மாதிரிக் கொள்கை கொண்ட சார்வாகர்கள் எழுதியவை பெரும்பாலும் அழிந்துவிட்டன, எதிரிகள் மறுப்பதற்காக எடுத்துச் சொன்னதால்தான் அவர்களைப் பற்றி இவ்வளவாவது தெரிகிறது. பதினான்காம் நூற்றாண்டில் மாதவர் என்ற வேதாந்தி எல்லாத் தத்துவத் தரிசனங்களையும் தொகுத்தபோது சார்வாகத்தைத்தான் முதல் அத்தியாயமாக வைத்தார். துன்பம் கலந்திருக்கிறது என்பதற்காக இன்பத்தை யாரும் விடுவதில்லை, மீன் வேண்டியவன் செதிலோடும் முள்ளோடும்தான் வாங்குகிறான் என்ற அவர்களுடைய வாதத்தை அவர் ஒளிக்காமல் எழுதி வைத்தார். மாற்றுக் கருத்துக்காரர்களே இவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது நாம் ஒரு பேச்சுப் போட்டியில் ஐந்து நிமிடம் கொடுக்கக் கூடாதா?

கன்னியாவுக்குப் போனால் இந்த விஷயம் இன்னும் வடிவாக விளங்கும். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று கதை, இன்றைக்கும் பிதிர்க்கடன் கழிக்க அங்கே சனம் வருகிறது. அம்மாவை இழந்து முகம் வீங்கிய ஒரு மனிதர் வாளியில் அள்ளித் தலையில் ஊற்றுகிறார், பக்கத்துக் கிணற்றில் சுற்றுலா வந்த பிள்ளைகள் சூடு சூடு என்று கத்திக் குதிக்கிறார்கள், அந்தச் சத்தத்துக்கு அவர் கோபப்படுவதில்லை, வெந்நீர் முதுகில் இறங்கும்போது அவருக்கே ஒரு நிமிடம் உடம்பு இளகுகிறது. ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மண முழவு என்று பாடிய பக்குடுக்கை நன்கணியார், 'இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே' என்று முடிக்கிறார். இவ்வளவு சாவைப் பார்த்த ஊரில் இனியதைக் காண்பது குற்றம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. பேச்சுத் தலைப்பை 'இன்பம் பற்றி வள்ளுவரும் பிறரும்' என்று திறந்து வையுங்கள், எதிர்த்துப் பேச விரும்புகிற பிள்ளை தாராளமாக எதிர்த்துப் பேசட்டும். உயர்தரப் பிரிவின் மனனத்துக்கு மூன்றாம் பாலிலிருந்து சில அதிகாரங்களையாவது சேருங்கள். குறிப்பறிதல், பிரிவாற்றாமை, அவர்வயின் விதும்பல், ஊடலுவகை என்று தொடங்கலாம், கீழ்ப்பிரிவுகளுக்கு இப்போது உள்ளபடியே இருக்கட்டும், அதில் எனக்கு வாதம் இல்லை. பொருள் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களுக்குச் சங்கடமாக இருந்தால் சனிக்கிழமைகளில் நான் வந்து வகுப்பெடுக்கிறேன், இன்னும் இரண்டு மூன்று பேர் வரத் தயாராக இருக்கிறார்கள். அந்த மாணவிக்குச் சொன்ன பதிலை மாற்றிச் சொல்லுங்கள். அவளுக்குப் பரீட்சையும் கிட்ட வருகிறது, பேச்சை ஆயத்தப்படுத்த நாள் வேண்டும், ஆகவே இந்த மாதக் கூட்டத்திலேயே முடிவெடுத்து அவளுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து உங்கள் பழைய மாணவன்